‘தேனி’ எழுதத் தெரியாத டூல்கிட்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு எடைச் சீட்டு போடணும். இல்லையென்றால் கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலிக் கணக்கு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிற, முழுக்கத் தமிழிலான கட்டற்ற மென்பொருளாக அதை எழுத எந்த டூல்கிட் சரி? நான் பார்த்த ஒப்பீடுகள் எல்லாம் உரிமம், வேகம், தோற்றம் என்று அளக்கின்றன. தமிழைச் சரியாக வரையுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. நமக்கோ அதுதான் முதல் கேள்வி.

பைதான் பழகியவர்கள் நேரே டிகின்டருக்குப் போவார்கள். கூடவே வருது, காசு இல்லை. விண்டோஸில் தமிழும் பெரும்பாலும் ஒழுங்காகத் தெரியும். அதே நிரலை லினக்ஸில் ஓட்டிப் பாருங்க. யூனிகோடில் ‘தே’ என்பது முதலில் த, பிறகு கொம்பு. அதை இடப்பக்கம் நகர்த்தி வைப்பது திரையில் வரைகிறவரின் வேலை. டிகே 8.6 லினக்ஸில் அதைச் செய்வதில்லை. குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். தகரத்துக்குப் பின்னால் கொம்பு, அப்புறம் ‘னி’. மாவட்டத்தின் பெயரே தப்பு! ‘கம்பம்’ ஓரளவு தப்பிக்கும், ‘போடி’ தப்பிக்காது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கொம்பையே முதலில் தட்டுவதால் இந்தத் தொல்லை இல்லை. டிடிபி கடைகள் பலவும் அதை விடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. உடைந்த தமிழைத் திரையில் பார்த்த கடைக்காரர் “இங்கிலீஷ்லயே போட்டுடுங்க தம்பி” என்றால் அவரை எப்படிக் குறை சொல்ல?

எலக்ட்ரானில் தமிழ் அழகாக வரும். ஆனால் ஒரு எடைச் சீட்டுக்குக் குரோமியம் முழுவதையும் சுமக்கணும். பழைய மடிக்கணினி திணறிவிடும்.

மிஞ்சுவது ஜிடிகேயும் கியூட்டியும். இரண்டுமே ஹார்ஃப்பஸ் வழியாக எழுத்துகளைக் கோப்பதால் தமிழ் சரியாக வரும். அதே கோர்ப்பு பிடிஎஃபிலும் அச்சிலும் கிடைக்கும்; சீட்டு அடிக்கிற மென்பொருளுக்கு இது சின்ன விஷயமில்லை. என் ஓட்டு கியூட்டிக்கு. ஜிடிகே நிரலை விண்டோஸுக்குப் பொதி கட்டுவது இன்னும் தலைவலிதான். வயர்ஷார்க்கே 2015இல் 2.0 பதிப்பில் ஜிடிகேயிலிருந்து கியூட்டிக்கு மாறியது. கியூட்டி உரிமத்தை நம்ப முடியாது என்ற பேச்சு 1997இல் க்னோம் பிறந்த காலத்துச் சண்டையின் மிச்சம். 2009 முதல் எல்ஜிபிஎல் உண்டு. பைதானில் எழுதினால் ஒன்றை மட்டும் கவனிக்கணும்: பைசைடு எல்ஜிபிஎல், பைகியூட்டி ஜிபிஎல்.

கியூட்டி எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இ-கலப்பை 3 கியூட்டியில் எழுதப்பட்டதுதான். ஆனாலும் அது விண்டோஸுக்கான மென்பொருள். சாளரத்தை வரைவது பொது, விசையைப் பிடிப்பது அந்தந்த இயங்குதளத்தின் சொந்த வழி. லினக்ஸில் அந்த வேலை ஐபஸ் பக்கம் போய்விடுகிறது.

அதனால் டூல்கிட்டை முடிவு செய்யும் முன்னால் ஒரு பெட்டி, ஒரு பொத்தான், பத்து வரி நிரல். இரண்டு இயங்குதளத்திலும் ‘பெரியகுளம், தேவதானப்பட்டி, கோம்பை’ என்று தட்டுங்க, பின்னோக்கி அழிங்க, ஒரு தாளில் அச்சடிச்சுப் பாருங்க.