பாரி மகளிர்: மேடையில் பேசுபவர் யார்?

பொன்னமராவதியை அடுத்த பிரான்மலையே பாரியின் பறம்பு என்பது வழிவழி வரும் கருத்து. அவ்வட்டாரத்தில் பாரி மகளிர் கதையை மேடையேற்ற விழையும் பயில்முறை நாடகக் குழு முதலில் தீர்க்க வேண்டியது, பேசுபவர் யார் என்னும் வினாவையே. தந்தையை இழந்த அம்மகளிரின் கூற்றாகக் கிடைப்பது புறநானூற்றின் 112ஆம் பாடல் ஒன்றே, அதுவும் ஐந்தடி. விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் கபிலர் மணம் பேசும் 200, 201, 202ஆம் பாடல்களில் அவர்கள் வாய் திறப்பதில்லை. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும் பிற்கால மரபு தந்தவையே. மணவினையை உச்சமாகக் கொள்ளும் நாடகம் இந்த மௌனத்தை மேலும் இறுக்குகிறது.

மேடைக்குரிய காட்சி 116ஆம் பாடலில் உள்ளது. முன்பு பகைவேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், இன்று சுரை படர்ந்த சிற்றிலருகே குப்பைமேட்டில் ஏறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். சிறுமியரை நடிக்கவைத்தால் இரக்கம் எளிதில் கிட்டும். ஆயின் பாடல் காட்டுவது பருவமெய்திய மகளிரை. அங்கு வசனம் வேண்டியதில்லை, எண்ணும் குரலே போதும். கபிலரை மேடையோரத்தில் நிறுத்தலாம். முற்றிலும் நீக்குதல் பொருந்தாது, அதைக் கண்டு நோபவர் அவரே.