நிட்டேவோ: முடிவு மட்டும் சொல்லப்பட்ட மக்கள்

ஒரு மக்கட் கூட்டத்தின் பண்பாட்டை ஆராயப் புகுவோர் முதலில் அக்கூட்டத்தின் தோற்றக் கதையைத் தேடுவர். தாம் எங்கிருந்து வந்தோம் என்னும் வினாவுக்கு ஒரு கூட்டம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் விடையே தோற்றக் கதையாகும். ஈழத்தின் தென்கிழக்குக் காடுகளில் வாழ்ந்தனர் எனப்படும் நிட்டேவோ என்னும் குள்ளர்க்கு அத்தகைய கதை இல்லை. அவர்கள் எங்ஙனம் அழிந்தனர் என்ற செய்தியே எஞ்சியுள்ளது. இக்கதை உண்மையா பொய்யா என்று பலர் ஆராய்ந்துள்ளனர். அதனைச் சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார் என்ற வினாக்களோடு, ஒரு கதையாகவே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை சுருக்கமானது. பாணமைப் பற்றுக் காடுகளிலும் மகாலேனம என்னும் மலைப்புறத்திலும் மூன்று நான்கு அடி உயரமே கொண்ட ஒரு கூட்டத்தார் வாழ்ந்தனர். குகைகளும் மரக்கிளைகளும் அவர்களின் உறைவிடம். அவர்களிடம் வில்லில்லை, அம்பில்லை, கைந்நகங்களே படைக்கலம். அணில், ஆமை முதலியவற்றைப் பிடித்து உண்டனர். உறங்கும் வேடரைக் கண்டால் நகத்தால் வயிற்றைக் கிழித்தனர் என்பர். அவர்களின் பேச்சு பறவைகளின் கீச்சொலி போன்றது. வேடருள் மிகச் சிலர்க்கு மட்டுமே அது விளங்கியது. இருசாராருக்கும் இடையே ஓயாத பகை. ஈற்றில் வேடர் எஞ்சியிருந்தோரை ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் சுள்ளிகளைக் குவித்துத் தீயிட்டனர். தீ மூன்று நாள் எரிந்தது. அத்துடன் கதை முடிகின்றது.

இதனை எழுத்தில் முதலிற் பதிந்தோருள் ஒருவர் இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஹியூ நெவில். 1886 அளவில், தாம் நடத்திய 'தப்ரபேனியன்' இதழில் இவர்களைப் பற்றி எழுதினார். 1914இல் பிரடெரிக் லூயிஸ், றோயல் ஆசியச் சங்கத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில், தாம் அப்பகுதியிற் கேட்டறிந்தவற்றை வெளியிட்டார். கொழும்பில் உடற்கூற்றியற் பேராசிரியராயிருந்த ஒஸ்மன் ஹில் 1945இல் 'லோரிஸ்' இதழில் எழுதிய கட்டுரை இக்கதையை உலக ஆய்வாளரின் பார்வைக்குக் கொண்டுசென்றது. சாவகத்திற் கிடைத்த ஆதிமனித எச்சங்களோடு இவர்களைத் தொடர்புபடுத்த இயலுமா என அவர் வினவினார். எனினும் நிட்டேவோ எலும்பு என உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றும் இன்றுவரை கிடைக்கவில்லை.

எலும்பு கிடைத்த இடம் வேறு. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா என்னும் குகையில், 2003இல் ஏறத்தாழ மூன்றரை அடி உயரமே கொண்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டு அச்செய்தி வெளியானபோது, ஆங்கில எழுத்தாளர் ரொல்கீன் 1937இல் படைத்த குள்ளரின் பெயரால் அதனை ஹொபிற் என அழைத்தனர். இப்பெயர் சிந்திக்கத்தக்கது. ரொல்கீன் தம் கற்பனைக் குள்ளர்க்கு ஊரும் உணவும் குலமுறையும் வரலாறும் அளித்தார். மெய்யாகவே வாழ்ந்திருக்கக் கூடியவர்க்கோ அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை. எனவே கற்பனை மாந்தரின் பெயரையே இரவல் பெறவேண்டியதாயிற்று.

அத்தீவில் வாழும் நாகே மக்களிடமும் 'எபு கோகோ' எனும் குள்ளரைப் பற்றிய கதை வழங்குகின்றது. அவர்களும் குகைவாசிகள், தமக்குள் ஏதோ முணுமுணுப்பர், பிறர் சொன்னதைக் கிளிபோல் திருப்பிச் சொல்வர். அவர்களையும் குகையில் வைத்துத் தீயிட்டே அழித்தனர் என்கின்றது கதை. கடலால் நெடுந்தொலைவு பிரிந்த ஈரிடத்தில் ஒரே அமைப்பு காணப்படுவதை, இரண்டும் உண்மை என்பதற்குச் சான்றாகச் சிலர் கொள்வர். அது அவசர முடிவு. அங்குக் கிடைத்த எலும்புகள் அறுபதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என 2016இல் வெளியான ஆய்வு திருத்திக் கணித்தது; அத்தனைக் காலம் ஒரு நினைவு வாய்மொழியாக நிலைத்தது எனக் கொள்வது அரிது. இவ்வொற்றுமை குள்ளரைப் பற்றி உரைப்பதிலும் பார்க்க, கதை சொல்வோரைப் பற்றியே மிகுதியாக உரைக்கின்றது. ஒரு கூட்டத்தை அழித்ததாகச் சொல்லும் கதை, அக்கூட்டத்தின் மொழியை முதலிற் பறித்துவிடுகின்றது. கீச்சொலி, முணுமுணுப்பு, கிளிப்பேச்சு என்பன அதற்கான உத்திகள்.

குள்ளராயிருத்தல் இழிவுக்குக் காரணமன்று என்பதற்கு நம் புராண மரபே சான்று. பெருவிரலளவே உடைய வாலகில்லிய முனிவரை மகாபாரதம் பேசுகின்றது. ஒரு சிறு கிளையைச் சுமக்கமாட்டாது குளம்படி நீரில் தத்தளித்த அவர்களைக் கண்டு இந்திரன் எள்ளினான். அவர்கள் வேறோர் இந்திரனையே படைக்க வேள்வி தொடங்கினர். காசிபர் இடைப்பட்டு அமைதி செய்தமையால் அவ்வேள்விப் பயன் கருடனின் பிறப்பாயிற்று. இக்குள்ளர்க்குத் தந்தை உண்டு, தவம் உண்டு, சினம் உண்டு, மந்திரமொழி உண்டு. குள்ளர் நம் குலத்தவராயின் முனிவர். பிறராயின் நகமுடைய விலங்கு. வேறுபாடு உயரத்தில் இல்லை, உறவில் உள்ளது.

நிட்டேவோ கதையைச் சொன்ன வேடரே மற்றொரு கதையில் சொல்லப்படுபவராய் நிற்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. மகாவம்சத்தின்படி விசயன் குவேனியின் துணையோடு இயக்கரை வென்றான். பின்னர் அவளைக் கைவிட்டான். அவள் தன் இனத்தார் கையால் இறந்தாள். காட்டுக்கு ஓடிய அவள் மக்கள் இருவரும் புளிந்தரின் முன்னோராயினர். அப்புளிந்தரையே வேடரெனக் கொள்வது வழக்கு. இவ்வாறு இயக்கர் மீது ஒரு கதையும், வேடர் மீது ஒரு கதையும், வேடர் வாயிலாக நிட்டேவோ மீது ஒரு கதையுமாக ஏணிப்படிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தமக்குக் கீழுள்ளவரை மனிதர்க்குச் சற்றுக் குறைந்தவராகக் காண்கின்றனர். கடைசிப் படியில் நின்றவர்க்குக் கீழே யாருமில்லை. ஆகவே அவர்கள் சொன்ன கதையும் இல்லை.

தமிழிலும் இவ்வேணி உண்டு. மணிமேகலையில் கலம் கவிழ்ந்து நாகர் மலையிற் கரையேறும் சாதுவன் காண்போர் ஆடையற்றவர். மனித ஊன் தின்போர். அவர்களின் தலைவன் பெண்கரடியோடிருக்கும் ஆண்கரடி போன்று எலும்புகளின் நடுவே அமர்ந்திருப்பவன். எனினும் சாத்தனார் ஒரு படி விலகிச் செல்கின்றார். சாதுவன் அவர்களின் மொழியை அறிந்தவன். அவன் அம்மொழியிற் பேசத் தொடங்கியதும் கொல்ல வந்தோர் நின்றுவிடுகின்றனர். தலைவன் உயிரைப் பற்றி வினாவெழுப்புகின்றான், விடை கேட்கின்றான். கரடி எனப்பட்டவன் மனிதனாகின்றான். சாதுவனே ஆசானாகவும் நாகர் மாணவராகவும் அமைவது அக்காப்பியத்தின் சமயச் சார்பு; அதனை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் மொழி அறிந்த ஒருவன் இருந்தமையால் இருசாராரும் உயிர் பிழைத்தனர் என்பது அக்கதையின் அடிப்படை.

நிட்டேவோ கதையிலும் மொழி அறிந்தோர் இருந்தனர்! கீச்சொலியை விளங்கிக்கொண்ட வேடர் சிலர், குகைவாயிலில் தீ எரிந்த மூன்று நாளும் எங்கே நின்றனர்? உள்ளிருந்து வந்த குரலில் அவர்கள் கேட்டது யாது? கதை அதனைச் சொல்லவில்லை. விளங்காதவர்க்கு அது பறவையொலி. விளங்கியவர்க்கு அது என்னவாயிருந்தது என்பதே இக்கதையின் உண்மையான வினா என்று எனக்குத் தோன்றுகின்றது.

கொழும்பில் வாழும் தமிழ் மாணவர் இவ்வினாவை ஏட்டளவில் விட்டுவிட இயலாது. 1958இலும் 1983இலும் ஒரு சொல்லை உச்சரிக்கச் செய்தே தமிழர் எனப் பலரை இனங்கண்டனர் என்பது அந்நாள்களைக் கடந்தோர் நினைவுகளிற் பதிவாகியுள்ளது. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது, உள்ளிருந்தோரின் மொழி விளங்கிய அயலவர் சிலர் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்து அடைக்கலம் அளித்தனர். குகைக் கதையில் இல்லாத பாத்திரம் அது.

ஆனால் குகைக்குள் நிற்பவராக மட்டும் நம்மை எண்ணிக்கொள்வது நேர்மையாகாது. வாகரை முதலான கிழக்குக் கரையோரங்களில் தமிழையே பேசி வாழும் வேடர் உள்ளனர். அவர்களின் மொழி நமக்குப் பறவையொலியன்று, மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை. இருந்தும் அவர்களின் தோற்றக் கதைகளையும் வழிபாட்டுப் பாடல்களையும் நம் பாடத்திட்டங்களும் சங்க மலர்களும் எவ்வளவு இடங்கொடுத்துக் கேட்டுள்ளன? செலிக்மன் இணையர் 1911இல் வேடர் பற்றி வெளியிட்ட நூலைத் தேடிப் படிக்கும் நாம், ஒரு பகற்பொழுதுப் பயணத் தொலைவில் இருப்போரைத் தேடிச் செல்வதில்லை.

நிட்டேவோ வாழ்ந்தனரா என்பதை அகழ்வாய்வு ஒருநாள் தீர்க்கலாம், தீர்க்காமலும் போகலாம். அவர்கள் சொல்லியிருக்கக் கூடிய கதை மட்டும் இனித் திரும்பப் போவதில்லை. சொல்வதற்கு இன்னும் வாயுள்ளவர்களின் கதையைக் கேட்டுப் பதிவது நம்மால் இயல்வது. அப்பணியைத் தொடங்கத் தமிழ்ச் சங்கம் ஒன்றைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.