விருதுக் கணிப்பும் திறனாய்வும்

முன்னுரை

பரிசுக்குரிய படைப்புகளைப் பற்றி எழும் வினாக்கள் மூன்று. பரிசு எதற்குக் கிடைக்கும் என்பது ஒன்று. எதற்குக் கிடைத்தல் தகும் என்பது மற்றொன்று. எதற்குக் கிடைத்தது என்பது மூன்றாவது. முதலாவது கணிப்பு, இரண்டாவது மதிப்பீடு, மூன்றாவது செய்தி. இம்மூன்றும் தம்முள் வேறானவை என்பதை விளக்கவும் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். ஆயின், ஆண்டுதோறும் அமெரிக்க நாட்டில் ஆஸ்கார் விருது வழங்கப்பெறும் காலத்து எழுதப்படும் கட்டுரைகளை நோக்குவார்க்கு இவை ஒன்றோடொன்று மயங்கிக் கிடத்தல் புலனாகும். ‘இப்படம் வெல்லும்’ என்ற கூற்று ஓரிரு திங்களில் ‘இப்படமே வெல்லத் தக்கது’ என்று மாறுகின்றது. வேறொன்று வென்றுவிடின் ‘அநீதி’ என்ற குரலாக முடிகின்றது. இம்மயக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதையும், இதனால் படைப்புகளுக்கு நேரும் இழப்பு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூடிய உறையின் வரலாறு

கணிப்பிற்கு முதற்கண் வேண்டுவது மறைபொருள். ஆஸ்கார் விருது தொடங்கிய நாளில் அம்மறைபொருள் இல்லை. 1929ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஹாலிவுட்டில் ஓர் உணவு விடுதியில் முதல் விழா நடைபெற்றபோது, வென்றவர் யாவர் என்பது ஏறத்தாழ மூன்று திங்கள் முன்னரே வெளியாகியிருந்தது. விருந்துக்கு வந்தோர் முடிவை அறிய வந்தாரல்லர். வென்றாரைப் பாராட்ட வந்தனர். விருது வழங்கும் நிகழ்ச்சியும் கால் மணி நேர அளவில் முடிந்தது.

அடுத்த விழா முதல் முடிவுகள் மறைத்து வைக்கப்பட்டன. எனினும் நாளிதழ்களுக்கு மட்டும் அவை முன்னரே தரப்பட்டன. இரவு பதினொரு மணிக்குப் பின்னரே வெளியிடுதல் வேண்டும் என்பது உடன்பாடு. 1940இல் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ இதழ் அவ்வுடன்பாட்டை மீறி மாலைப் பதிப்பிலேயே முடிவுகளை வெளியிட்டது. விழாவிற்கு வந்துகொண்டிருந்த விருந்தினர் வழியிலேயே அவற்றைப் படித்தனர். அதன் பயனாக 1941 முதல் மூடி முத்திரையிட்ட உறை வழக்கிற்கு வந்தது. ஆகவே, இன்று விருதின் உயிர்நிலையாகக் கருதப்படும் அவ்வுறை, படைப்பின் சிறப்பைக் காத்தற்கு ஏற்பட்டதன்று. செய்தியைக் காத்தற்கு ஏற்பட்டதே என்பது தெளிவு. உறை மூடப்பட்ட பின்னர்க் கணிப்பு பெருகியது இயல்பேயாம்.

கணிப்பின் அடிப்படை

பண்டைத் தமிழர் போர்க்குச் செல்லுமுன் விரிச்சி கேட்டனர் என்பதைப் புறத்திணை நூல்களால் அறிகின்றோம். முல்லைப்பாட்டில், முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்ப, ஆய்மகள் ஒருத்தி கன்றை நோக்கிக் கூறும் சொல் அவர்க்கு நன்னிமித்தமாகின்றது. ஆண்டுச் சொல்லுக்கும் போரின் முடிவுக்கும் காரணகாரியத் தொடர்பு இல்லை. விருதுக் கணிப்போ அத்தகையதன்று. அது புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரும் கருதல் அளவையின்பாற் படுவது.

அப்புகை யாது? ஆஸ்கார் விழாவிற்கு முன்னரே இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம், திரை நடிகர் சங்கம், பிரித்தானியத் திரைக்கலைக் கழகம் முதலியன தத்தம் விருதுகளை வழங்கிவிடுகின்றன. அவற்றின் உறுப்பினருள் ஒரு பகுதியினர் ஆஸ்காருக்கும் வாக்களிப்போர். ஆதலின் அவர்தம் விருப்பம் முன்னரே ஓரளவு வெளிப்பட்டுவிடுகின்றது. இயக்குநர் சங்கத்தின் விருதைப் பெற்றவர் ஆஸ்காரை இழந்த ஆண்டுகள் மிகச் சிலவே. கணிப்போர் கைக்கொள்ளும் தலையாய சான்று இதுவே.

இதனினும் நுட்பமானது வாக்கெண்ணும் முறை. 2010ஆம் ஆண்டு விழா முதல், சிறந்த படத்திற்கான போட்டியில் ஐந்து படங்கள் என்ற எல்லை நீங்கியது. வாக்களிப்போர் படங்களை விருப்ப வரிசைப்படுத்தும் முறையும் வந்தது. முதலிடம் மிகக் குறைவாகப் பெற்ற படம் நீக்கப்படும். அதற்குரிய வாக்குகள் அவ்வவர் அடுத்து விரும்பிய படத்திற்குச் செல்லும். ஒரு படம் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறும்வரை இது தொடரும். ஏனைய விருதுகளின் இறுதிச் சுற்றில் இம்முறை இல்லை. மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர். எனவே சிலர் பெரிதும் போற்றிப் பலர் வெறுக்கும் படத்தினும், பலர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைக்கும் படம் முந்துதல் கூடும். கணிப்பவர் ‘எது சிறந்தது?’ என்று வினவுவதில்லை. ‘எதனை வெறுப்போர் குறைவு?’ என்றே வினவுகின்றார். அவர் படிப்பது படைப்பை அன்று, வாக்காளரை என்க.

வாக்காளர் படங்களைப் பார்த்தே வாக்களித்தனரா என்பதும் நெடுங்காலம் அவரவர் மனச்சான்றிற்கே விடப்பட்டிருந்தது. இறுதிச் சுற்றில் ஒரு பிரிவிற்கு வாக்களிப்போர் அப்பிரிவிலுள்ள படங்கள் அனைத்தையும் பார்த்திருத்தல் வேண்டும் என்ற பொதுவிதி 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிலேதான் அறிவிக்கப்பட்டது. மதிப்பீட்டிற்கு முதற்படியாகிய பார்த்தலே இத்துணைக் காலந்தாழ்த்து விதியாயிற்றெனின், முடிவை மதிப்பீட்டின் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்துமோ?

எதிர்பார்ப்பு உரிமையாதல்

கணிப்பின் தீங்கு அது பிழைப்பதில் இல்லை. பிழைக்கும்போது எழும் உணர்ச்சியில் உள்ளது. 2021ஆம் ஆண்டு விழா இதற்குத் தக்க சான்று. சிறந்த நடிகர்க்கான விருது, 2020இல் மறைந்த சாட்விக் போஸ்மனுக்கே கிடைக்கும் எனப் பலரும் கணித்தனர். ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ என்ற படத்திற்காக அவர்க்குத் திரை நடிகர் சங்கத்தின் விருது முன்னரே வழங்கப்பட்டிருந்தது. வழக்கமாக இறுதியில் வழங்கப்படும் சிறந்த பட விருது அவ்வாண்டு முன்னே தள்ளப்பட்டு, சிறந்த நடிகர் விருது இறுதிக்கு வந்தது. உறையில் இருந்த பெயரோ ‘தி ஃபாதர்’ படத்தில் நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ். எண்பத்து மூன்று வயதினராகிய அவர் அவைக்கு வந்திலர். விழா பொலிவின்றித் திடுமென முடிந்தது.

அதன்பின் எழுந்த பேச்சிற் பெரும்பகுதி, மறைந்தவர்க்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்பதாகவே இருந்தது. மறுநாள் ஹாப்கின்ஸ் போஸ்மனைப் போற்றிப் பேசும் நிலையும் ஏற்பட்டது. அந்நடிப்பைச் சற்று நோக்குவாம். நினைவிழக்கும் முதியவர் ஒருவரைப் பற்றிய படம் அது. அவர் வாழும் அறைகள் அவரறியாமல் மாறுகின்றன. மகளின் முகமே வேறொரு முகமாகின்றது. செருக்கும் குறும்பும் சினமும் ஒவ்வொன்றாக நீங்க, இறுதியில் அம்முதியவர் தாயைத் தேடும் சிறுகுழந்தையாகி அழுகின்றார். அறிவு தேயுந்தோறும் நடிப்பு நுண்ணிதாகும் அரிய படைப்பு அது. போஸ்மனின் நடிப்பும் எளியதன்று. தான் கண்ட கொடுமைக்கு இறைவனையே பொறுப்பாக்கிச் சினந்து வினவும் எக்காளக் கலைஞனாக அவர் தோன்றும் காட்சி நெஞ்சைவிட்டு நீங்காது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஒப்புநோக்கியிருப்பின் நடிப்புக்கலை பற்றி எத்துணையோ அறிந்திருக்கலாம். நிகழ்ந்ததோ வேறு. ஒருவர் ‘பறிகொடுத்தவர்’ ஆயினார். மற்றவர் ‘பறித்தவர்’ ஆயினார். எதிர்பார்ப்பு உரிமையாகக் கொள்ளப்பட்டதன் விளைவு இது.

தோற்றதும் வென்றதும்

ஓராண்டுச் சலசலப்போடு இஃது ஒழிவதில்லை. படைப்பின் புகழை நெடுங்காலம் மறைத்தலும் உண்டு. 1942ஆம் ஆண்டு விழாவில் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ ஒன்பது பிரிவுகளில் போட்டியிட்டுத் திரைக்கதைக்கான ஒரு விருதே பெற்றது. சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜான் ஃபோர்டின் ‘ஹௌ கிரீன் வாஸ் மை வேலி’. பின்னர் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளரிடையே நடத்தும் தேர்வில் 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடம் வகித்தது. அது முதல் ஃபோர்டின் படத்தைக் குறிப்பிடுவோர் பலரும் ‘கேனைத் தோற்கடித்த படம்’ என்ற ஒரே அடைமொழியால் அதனைச் சுட்டலாயினர். வென்றமையே அதற்குப் பழியாயிற்று.

அடைமொழியை நீக்கிப் படத்தை நோக்கின் புலப்படுவது யாது? இரண்டும் 1941இல் வெளிவந்தவை. இரண்டும் இழந்த இளமையை நினைவு வழியாகத் தேடுபவை. கேனின் வாழ்வு, அவனை அறிந்தோர் ஐவரின் நினைவுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. அவற்றைத் திரட்டியும் அவன் இறுதியாகக் கூறிய சொல்லின் பொருளைப் படத்திலுள்ள எவரும் அறிந்திலர். பனியில் விளையாடிய சறுக்குவண்டி நெருப்பில் வேகும்போது காண்போராகிய நாம் மட்டுமே அறிகின்றோம். ஃபோர்டின் படத்திலோ நினைவு கூர்பவன் ஒருவனே. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் கடைசி மகன், ஊரை விட்டுப் புறப்படுங்கால், பசுமையாக இருந்த பள்ளத்தாக்கை எண்ணிப் பார்க்கின்றான். கூலிப் போராட்டத்தால் குடும்பம் பிரிகின்றது. உடன்பிறந்தோர் திசைதோறும் செல்கின்றனர். தந்தை சுரங்கத்தில் மடிகின்றார். எனினும் இறுதிக் காட்சியில் பிரிந்தோரும் இறந்தோரும் அவன் நினைவில் மீண்டும் ஒருங்கு கூடுகின்றனர். ஒன்று, நினைவால் மனிதனை மீட்க இயலாது என்கின்றது. மற்றொன்று, நினைவில் மட்டுமே மீட்க இயலும் என்கின்றது. இங்ஙனம் ஒன்றற்கொன்று விடையாக நிற்கத்தக்க இரு படைப்புகளை வென்றது, தோற்றது எனப் பகுத்தமையால் அவற்றின் உறவே நம் கண்ணுக்குப் புலனாகாது போயிற்று.

வாக்கு எண்ணிக்கை வெளியிடப்படாமையும் ஈண்டு நினைத்தற்குரியது. ஒரு படம் ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் வென்றதோ, ஒரே வாக்கில் வென்றதோ, எவரும் அறியார். 1969இல் சிறந்த நடிகை விருது காதரின் ஹெப்பர்னுக்கும் பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கும் சமமாகக் கிடைத்தது. ஒரு வாக்கு மாறியிருப்பின் அவ்விருவருள் ஒருவர் ‘தோற்றவர்’ எனப்பட்டிருப்பார். அத்தோல்விக்குக் காரணம் கூறும் கட்டுரைகளும் எழுந்திருக்கும். அளவறியாத வேறுபாட்டின்மேல் கலைத்தரம் பற்றிய முடிபைக் கட்டுதல் மணலிற் கோயில் எழுப்புதலை ஒக்கும்.

ஒரு மறுப்பும் விடையும்

கணிப்பு படங்களுக்கு நன்மையும் செய்கின்றதன்றோ எனின், செய்கின்றது. 2017இல் ‘லா லா லேண்ட்’ வெல்லும் என்ற கணிப்பு வலுவாக இருந்தது. உறை மாறிப்போனமையால் முதலில் அப்பெயரே அறிவிக்கப்பட்டது. பின்னரே ‘மூன்லைட்’ வென்றது தெரிந்தது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அப்படத்தைப் போட்டியின் பொருட்டே தேடிப் பார்த்தவர் பலராவர். 2020இல் இயக்குநர், தயாரிப்பாளர் சங்கங்களின் விருதுகளைப் பெற்ற ‘1917’ வெல்லும் எனப் பலர் கணித்திருக்க, கொரிய மொழிப் படமாகிய ‘பாரசைட்’ வென்றது. ஆங்கிலமல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. இத்தகைய வியப்புகள் உலகின் கண்ணைப் புதிய படைப்புகளின்பால் திருப்புகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின், வியப்பு வாயிலேயன்றி வீடன்று. ‘மூன்லைட்’ பற்றிய பேச்சு மாறிய உறையோடு நின்றுவிடின், ஒரே மனிதனின் மூன்று பருவங்களை மூன்று நடிகர் வாயிலாகக் காட்டி, அவனுடைய மௌனம் ஒன்றே தொடர்ந்து வருவதை உணர்த்தும் அதன் அமைப்பு எவர்க்குப் புலனாகும்? வாயிலைப் புகழ்ந்துகொண்டு வெளியிலேயே நிற்றல் திறனாய்வாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கணிப்பு வாக்காளரைப் பற்றிய அறிவு என்பதும், முடிவு குறித்த ஒரு காலத்து ஒரு குழுவினரின் விருப்பம் என்பதும், அவ்விரண்டிற்கும் இடையே எழும் வியப்பும் ஏமாற்றமும் கணிப்பின் பயன்களேயன்றிப் படைப்பின் பயன்கள் அல்ல என்பதும் பெறப்படும். கணித்தலை விலக்குதல் வேண்டுமென்பது நம் கருத்தன்று. விளையாட்டு என்ற அளவில் அஃது இன்பம் தருவதே. திறனாய்வாளர் மேற்கொள்ளத் தக்க நெறி ஒன்று உண்டு. உறை திறக்கப்படுமுன் தம் மதிப்பீட்டைக் காரணத்தோடு எழுதிவைத்தல் வேண்டும். திறக்கப்பட்ட பின் அக்காரணங்களுள் எதனையும் முடிவின்பொருட்டு மாற்றுதல் கூடாது. வென்ற படம் நேற்றைவிட இன்று சிறந்ததாகிவிடவில்லை. தோற்ற படமும் தாழ்ந்துவிடவில்லை. படச்சுருளில் ஒரு காட்சியும் மாறவில்லையன்றோ? மாறாத அதனையே மீண்டும் மீண்டும் நோக்குதல் நம் கடன்.