எடை குறையவில்லை என்றால் போதுமா?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள சிவகிரிப் பக்கம், நடவு வயலில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த உடல். மாதாமாதம் எடை பார்த்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கிறது. வரவும் செலவும் சரியாக இருப்பதால், அவளுக்கு உணவு போதுகிறது என்று சொல்லிவிடலாமா?

சொல்லலாம் என்றே ஒரு கொள்கை நம் நாட்டில் எழுந்தது. 1971-இல் தாண்டேகரும் ராத்தும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி என்று வைத்து வறுமையை அளந்தார்கள். அந்த முறையைப் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே ஏற்கவில்லை. உணவு குறைந்தால் உடல் தானே சிக்கனம் பிடித்துச் சமநிலை காக்கும் என்று, ஷெல்டன் மார்கனுடன் சேர்ந்து 1982-இல் அவர் எழுதினார். ஆகவே சராசரிக்குக் கீழே உண்போர் அனைவரையும் பசித்தோர் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்பது அவர் வாதம். அதே ஆண்டில் டேவிட் செக்லர் இன்னும் ஒரு படி மேலே போய், உடல் சிறியதாயினும் ஆரோக்கியமாக இருக்கலாம் என்றார்.

சுகாத்மே சொன்னதில் உண்மை உண்டு. ஒரே மனிதர் உண்ணும் அளவு நாளுக்கு நாள் மாறும். ஒரே ஒரு சராசரியைக் கொண்டு எல்லோரையும் அளப்பது தவறுதான். உடல் சிக்கனம் பிடிப்பதும் மெய்யே. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 தொண்டர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு கொடுத்துச் சோதித்தார். எடை ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. ஓய்வில் உடல் செலவிடும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தச் சிக்கனம் எதிலிருந்து வந்தது? தசை கரைந்தது, நடமாட்டம் குறைந்தது, சோர்வு மிகுந்தது. நினைவெல்லாம் சோறாகவே இருந்தது.

காரணத்தை இன்று நாம் அறிவோம். 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டுபிடித்த லெப்டின் என்னும் ஹார்மோனைக் கொழுப்புத் திசு சுரக்கிறது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். உடனே மூளை பசியைத் தூண்டும், தைராய்டு சுரப்பைக் குறைக்கும், மாதவிடாயைக்கூட நிறுத்திவிடும். நலமாக இருக்கும் உடல் இப்படியா செய்யும்? இது நெருக்கடிக் கால நிர்வாகம் அல்லவா?

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் 1983-இல் இந்தக் கொள்கையைக் கடுமையாக மறுத்தார். சிறிய உடல்தான் ஆரோக்கியம் என்ற அளவுகோல் ஏழைக்கு மட்டும் ஏன் என்பதே அவர் கேள்வி. குழந்தையின் வளர்ச்சியும் பெரியவரின் உழைப்புத் திறனும் அந்தச் சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை அல்லவா!

வருமானம் குறைந்த குடும்பம் பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கணக்கை நேர்செய்தால், நோட்டில் துண்டு விழாது, நஷ்டம் பிள்ளைக்கு. தராசு முள் காட்டுவது சமநிலையை மட்டுமே. அடுத்த முறை, 'எடை குறையவில்லையே, பிறகென்ன?' என்று யாராவது சொன்னால், அந்தச் சமநிலை என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று கேளுங்கள்.