செடி சேகரித்த ஐயர்: ரொட்லரைப் பற்றிய இரு தீர்ப்புகள்

தரங்கம்பாடி மிஷனின் பிற்காலத்தைக் குறித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டை எழுப்பாமல் விடுவதில்லை. சீகன்பால்குவின் காலத்து அனல் தணிந்தது. ஹாலேயிலும் பகுத்தறிவுவாதம் தலையெடுத்தது. அதன்பின் வந்த மிஷனெரிகள் ஆத்துமாக்களைத் தேடுவதை விட்டுச் செடிகளையும் சிப்பிகளையும் மீன்களையும் தேடப் புறப்பட்டனர் என்பதே அக்குற்றச்சாட்டு. இத்தீர்ப்புக்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறவர்களுள் ஒருவர் யோவான் பேதுரு ரொட்லர். நாமும் மாணவர்களுக்குச் சபை வரலாற்றைக் கற்பிக்கையில் இவ்வாறே சொல்லிக் கடந்து விடுகிறோம். ஆனால் சான்றுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இத்தீர்ப்பு நிற்குமா என்பது ஐயமே.

ரொட்லர் 1749 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்தவர். 1776 இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1836 இல் சென்னை வேப்பேரியில் மரித்தார். அறுபது ஆண்டுகள் இந்த மண்ணிலேயே கழிந்தன. அவருக்கு முன்னரே, லின்னேயுவின் மாணவரான கேனிக் என்னும் மருத்துவர் 1768 இல் மிஷன் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, செடிகளை அறிவியல் முறைப்படி சேகரிக்கும் பழக்கத்தை அங்கே வேரூன்றச் செய்திருந்தார். நம் வீட்டுக் குழம்பில் மணக்கும் கறிவேப்பிலையின் லத்தீன் பெயரில் இன்றும் இருப்பது அந்தக் கேனிக்கின் பெயரே. அவர் வழியில் நடந்த ரொட்லர் கடற்கரை நாட்டிலும், 1795 ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலும் செடிகளைத் திரட்டி ஐரோப்பியப் பேராசிரியர்களுக்கு அனுப்பினார். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பிய வழியில் கண்ட தாவரங்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1803 இல் ஜெர்மனியில் அச்சாயின. அவருக்குக் கௌரவப் பட்டமும் அளிக்கப்பட்டது. அவர் உலர்த்தி வைத்த செடிகள் பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூ தோட்டத்தின் சேகரத்தை அடைந்தன.

இவ்வளவையும் படிக்கிறவர், இவர் ஊழியம் செய்யப் பொழுது எங்கே கிடைத்தது என்று கேட்பது இயல்பே. ஆனால் அதே மனிதர் வேப்பேரிச் சபையைப் பேணினார். இங்கிலாந்து சபையின் பொது ஜெபப் புத்தகத்தைத் தமிழாக்கினார். வேதாகமத் தமிழ்ப் பெயர்ப்பைத் திருத்தும் பணியில் பங்குகொண்டார். முதுமையில் பெரியதொரு தமிழ்–ஆங்கில அகராதியை இயற்றினார். அதன் முதற்பகுதி 1834 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. அனல் தணிந்தவர் செய்யக்கூடிய வேலையா இது?

இவ்விரு வேலைகளும் ஒன்றையொன்று தின்னவில்லை என்பது மட்டுமன்று. ஒன்றுக்கொன்று துணையாகவும் இருந்தன என்று கூறத் துணிகிறோம். திருமறையை மொழிபெயர்ப்பவர் பக்கத்துக்குப் பக்கம் ஒரு செடியின்மேல் இடறுகிறார். யோனாவின் தலைக்கு நிழலாக எழும்பிய செடி எது? எபிரெயச் சொல்லின் பொருள் உறுதியாகத் தெரியாமல் பண்டை மொழிபெயர்ப்பாளர்களே பிரிந்து நின்றனர். ஆங்கிலத்தில் அது சுரையினம் ஆயிற்று. நமது பழைய மொழிபெயர்ப்பில் அது ஆமணக்கு. சகேயு ஏறிய மரம் நமக்குக் காட்டத்தி. இத்தகைய இடங்களில் தமிழ் வாசகன் தன் ஊர் வேலியோரத்தில் நிற்கும் ஒன்றைக் கண்டு வசனத்தை உணர்கிறான். மாறாக, கேதுருவும் ஈசோப்பும் ஒலிபெயர்ப்பாகவே நின்றுவிட்டன. நம் சபையாருள் ஈசோப்பு மரமா பூண்டா என்று அறிந்தவர் எத்தனை பேர்? இன்ன செடிக்கு இன்ன பெயர், இது அதற்கு இனமா அன்றா என்று துணியும் பயிற்சி, தாவரம் சேகரிப்பவனுக்கும் மொழிபெயர்ப்பவனுக்கும் பொதுவானது. ரொட்லரின் அகராதியில் செடிப்பெயர்களுக்கு எதிரே லத்தீன் பெயர்கள் வரும் பதிவுகளைப் பார்க்கிறவருக்கு இது விளங்கும்.

இனி இரண்டாவது தீர்ப்பு. இது அண்மைக் காலத்தது, நமக்கு இனிப்பது, ஆகவே அதிக எச்சரிக்கைக்குரியது. சூழலியல் இறையியல் செல்வாக்குப் பெற்றபின், இம்மிஷனெரிகளைப் படைப்பின் காவலர் என்று போற்றும் வழக்கம் தோன்றியுள்ளது. ஆதாம் பெயரிட்டதைப்போல் இவர்களும் பெயரிட்டனர் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். வசனத்தைத் திறந்து பார்த்தால், ஆதாம் பெயரிட்டது நாட்டு மிருகங்களுக்கும் ஆகாயத்துப் பறவைகளுக்கும் காட்டு மிருகங்களுக்கும்தான். ஒரு செடிக்கும் அவன் பெயரிட்டதாக அங்கே இல்லை. மேலும், ஆதாமுக்கு முன் வேறொருவர் பெயரிட்டிருக்கவில்லை. ரொட்லர் வந்தபோதோ தும்பைக்கும் நொச்சிக்கும் ஆயிரமாண்டுப் பெயர்கள் இருந்தன. அவற்றை யாரோ ஒரு மருத்துவனோ, மாடு மேய்ப்பவனோ, உபதேசியாரோ சொல்லித்தான் ஸ்திராஸ்பூர்க்கிலிருந்து வந்தவர் அறிந்திருக்க முடியும். ஆதாமைவிட இவருக்கு அணுக்கமானவன் ஒன்று இராஜாக்கள் நாலாம் அதிகாரத்துச் சாலொமோன். கேதுரு முதல் ஈசோப்பு வரை அவன் பேசிய ஞானம் கீழ்த்திசை மக்களின் ஞானத்தோடு ஒப்பிடப்பட்டே அங்கு நிற்கிறது.

நீலகிரியின் கதை இதற்கு இன்னொரு சான்று. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரோடு ஊழியம் செய்த பெர்ன்ஹார்டு ஷ்மிட் உடல்நலம் தேடி இம்மலைக்கு வந்து செடிகள் சேகரித்தார். அவற்றை 1835 முதல் 1837 வரை ஜேனாப் பேராசிரியர் சென்கர் லத்தீனில் விவரித்து வெளியிட்டார். மலையைக் காணாத ஒருவரின் கையால் மலைச்செடிகள் உலகுக்கு அறிமுகமாயின. சிலவாண்டுகளில் எதிர்த்திசையில் வேறொரு போக்குவரத்தும் நடந்தது: 1860 இல் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா வந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஊன்றப்பட்டது. கொய்னா எத்தனையோ உயிர்களைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் சோலையும் புல்வெளியும் தோட்டங்களாக மாறிய வரலாற்றில் செடி சேகரிப்பும் அரசாட்சியும் கைகோத்தே நடந்தன. சேகரித்தவரெல்லாம் காத்தவர் அல்லர்.

நாடுகாணியில், கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் சாலையருகே, 1989 இல் அமைக்கப்பட்ட ஜீன்பூல் தாவர மையம் உள்ளது. செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டாமல் உயிரோடு வைத்துக் காக்கும் இடம் அது. இறையியல் மாணவர்கள் அதைப் பார்ப்பது நன்று. பார்க்கையில் லத்தீன் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புவது நன்றன்று. அச்சுற்றுவட்டாரத்துக் காட்டுநாயக்கரும் பணியரும் அதே செடிகளை எவ்வாறு அழைக்கின்றனர் என்று கேட்டறிய வேண்டும். ரொட்லரின் பெயரால் வழங்கிய பேரினம், நம் கபிலப்பொடி மரம் முன்பு சேர்க்கப்பட்டிருந்த அந்த ‘ரொட்லேரா’, பின்வந்த வகைப்பாட்டில் வழக்கொழிந்து வேறொரு பெயருக்குள் அடங்கிவிட்டது. கபிலம் என்னும் சொல் ஒழியவில்லை.

எனவே ரொட்லரிடம் நாம் காணும் குறை, அவர் செடிகளுக்குப் பொழுது கொடுத்தார் என்பதன்று. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வரலாற்றில் பெயரற்றுப் போயினர் என்பதே. அதில் அவரைவிட அவர் வரலாற்றை எழுதியவர்களுக்கே பங்கு அதிகம். இது அக்காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்லவும் இயலாது. மருத்துவரான இராபர்ட் வைட் தம் நூல்களின் படங்களில் அவற்றை வரைந்த ரங்கையா, கோவிந்து என்பவர்களின் பெயர்களை அச்சிட்டார்; ஓர் ஆர்க்கிடுக்குக் கோவிந்துவின் பெயரையே இட்டார். ரொட்லரின் அகராதியிலும், அவர் மறைவுக்குப்பின் 1841 வரை அதைத் திருத்தி முடித்த டெய்லர் ஐயரின் பெயரோடு வேங்கடாசல முதலியாரின் பெயரும் முகப்பிலேயே உள்ளது. நம் சபை வரலாறுகளோ ரொட்லரைச் சொல்லும், டெய்லரைச் சிலபோது சொல்லும், முதலியாரை விட்டுவிடும்.

தரங்கம்பாடி மிஷனெரிகளின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஹாலேயில் பேணப்பட்டு வருகின்றன. ஜெர்மன் கற்கும் நம் மாணவருள் எவரேனும் பட்டமேற்படிப்புக்குப் பொருள் தேடுவாராயின், மனமாறியவர்களின் எண்ணிக்கையைத் திரும்பவும் கூட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, அத்தாள்களில் செடியைக் காட்டியவர், பெயரைச் சொன்னவர், கூடையைச் சுமந்தவர் என்று வரும் தமிழர்கள் யார் யார் என்று தேடட்டும்.