கையெழுத்து யாருடையது? ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களின் கதைகளை வாசித்தல்

ஜான்சி ராணி படையைப் பற்றிய நூல்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மலாயாவின் ஏதோ ஒரு நகரில் பெருங்கூட்டம். சுபாஷ் சந்திர போஸ் பேசுகிறார். கேட்டுக்கொண்டு நிற்கும் இளம்பெண் காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்கிறாள். பிறகு தன்னையே கொடுக்கிறாள். வசதியான தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த ஜானகி தேவரின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நடந்தது உண்மைதான். தோடுகளை அவர் கொடுத்தார், படையிலும் சேர்ந்தார். என் கவனம் அந்தக் காட்சியைச் சொல்லும் வினைச்சொல்லின் மீது இருக்கிறது. ஆண் படையில் 'சேர்ந்தான்' என்று எழுதுகிறோம். பெண் தன்னை 'அர்ப்பணித்தாள்' என்று எழுதுகிறோம். அவள் எதைக் கொடுத்தாள் என்பது துல்லியமாகப் பதிவாகிறது. எதைப் பெற விரும்பினாள், எதை விட்டு வெளியேற விரும்பினாள் என்ற கேள்விகளை அந்த வினைச்சொல் எழவே விடுவதில்லை.

முதலில் தெரிந்த செய்திகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அறிவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940இல் சிங்கப்பூர் சென்று மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தவரும் அவர்தான். அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 170 பேர். 1944 மார்ச் மாத இறுதியில் முதல் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவில் வளர்ந்த இளம்பெண்கள். தமிழ்ப் பெண்களே மிகுதி. அவர்களில் மிகப் பலர் இரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினார்களோ, அந்த நாட்டை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை.

இந்த வரலாற்றை நாம் எந்த நூல்களின் வழியாக அறிகிறோம்? பீட்டர் வார்டு ஃபே 1993இல் எழுதிய 'தி ஃபர்காட்டன் ஆர்மி' என்ற ஆங்கில நூல், பிரேம் சாகலும் லட்சுமி சாகலும் சொன்ன நினைவுகளின் மீது கட்டப்பட்டது. லட்சுமியின் தன்வரலாற்றை 1997இல் 'காளி ஃபார் விமன்' பதிப்பகம் வெளியிட்டது. ஜாய்ஸ் லெப்ரா 2008இலும், வேரா ஹில்டப்ராண்ட் 2016இலும், உயிரோடிருந்த ராணிகளைத் தேடிப் போய்ப் பேசி நூல்கள் எழுதினார்கள். நான்கும் மதிப்புள்ளவை. இவை இல்லாவிட்டால் இப்படையைப் பற்றி நமக்குத் தெரிவது பாடப்புத்தகத்தின் ஒரு வரியாகவே நின்றிருக்கும். ஆனால் நான்கையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. இவற்றில் நீண்டு ஒலிக்கும் குரல்கள் படித்த குடும்பத்துப் பெண்களுடையவை. லட்சுமி மருத்துவர். ஜானகி வசதியான வீட்டுப் பெண். ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் அக்காவோடு சேர்ந்த ராசம்மா, பின்னாளில் மலேசியா அறிந்த ராசம்மா பூபாலன், பள்ளியில் படித்தவர். தோட்டத்துப் பெண்கள் 'பெரும்பாலோர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மை, ஏட்டில் ஒரு சொல்.

இது ஆய்வாளர்களின் கவனக்குறைவு மட்டுமல்ல. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து ஒருவரைத் தேடிப் போகும்போது யார் கிடைப்பார்கள்? நல்ல உணவும் மருத்துவமும் கிடைத்து நீண்ட ஆயுள் வாழ்ந்தவர், நிலையான முகவரி உள்ளவர், ஆங்கிலத்தில் பேசக்கூடியவர். வர்க்கம் ஆயுளையும் தீர்மானிக்கிறது. அதனால் சாட்சியத்தையும் அதுவே தீர்மானிக்கிறது.

இந்த நூல்களில் உணர்ச்சி மிகுந்த இடம் போர்க்களத்தில் வருவதில்லை, வீட்டில் வருகிறது. படையில் சேர விரும்பும் பெண்ணுக்குத் தந்தையின் சம்மதம் வேண்டும். மணமானவள் என்றால் கணவனின் சம்மதம் வேண்டும். ஜானகியின் தந்தை கடுமையாக எதிர்த்தார். நீண்ட மன்றாட்டுக்குப் பிறகே இசைந்தார். பின்னாளில் படையின் துணைத் தளபதியாக உயர்ந்த பெண் முதலில் வெல்ல வேண்டியிருந்த எதிரி பிரிட்டிஷ் அரசு அல்ல, வீட்டின் கூடத்தில் அமர்ந்திருந்த அன்பான அப்பா. நூல்கள் இதை ஒரு குடும்பப் பாசக் கதையாகச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெண்ணின் உயிரைக் கேட்ட புரட்சிகர இராணுவம்கூட, அந்த உயிர் அவளுடைய உடைமை என்று ஒப்புக்கொள்ளவில்லை. உரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் வாங்கிக்கொண்டது. தந்தையின் கையிலிருந்து நேதாஜியின் கைக்கு அவள் மாற்றப்படுகிறாள். திருமணத்தில் நடக்கும் கைமாற்றுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போஸைத் தந்தையாகவே பல ராணிகள் நினைவுகூர்வது தற்செயல் அல்ல.

ஆனால் இந்தக் காட்சியைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றால் அது அப்படியே பொருந்தாது. அங்கே கூடம் இல்லை, லயம்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் பலருக்கு எழுதத் தெரியாது. இன்னொன்று, இதைவிட முக்கியமானது: 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியர்கள் சயாம் – பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற மலேசிய நாவல்கள் அந்தக் காட்டுக்குள் போனவர்களைப் பின்தொடர்கின்றன. லயத்தில் தங்கிவிட்ட பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் நாம் கேட்க வேண்டும். சம்மதம் தர வேண்டிய தந்தையோ கணவனோ சயாம் காட்டில் இருந்தபோது, அவளுக்காக யார் கையெழுத்திட்டார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் 'பாசமிகு தந்தையின் தடை' என்ற கதை ஒரு வர்க்கத்தின் கதையாகச் சுருங்கிவிடுகிறது.

முகாம் உணவையும் இப்படி இரண்டு விதமாக வாசிக்கலாம். செல்வச் செழிப்பில் வளர்ந்த ஜானகிக்கு முகாம் வாழ்க்கை, குறிப்பாக அங்கே கிடைத்த உணவு, தொடக்கத்தில் பெரும் சோதனையாக இருந்தது. கதைகளில் இது தியாகத்தின் முதல் படி. ஜப்பானியர் காலம் என்றாலே மரவள்ளிக் கிழங்கை நினைத்துக்கொள்ளும் தோட்டத்து மக்களுக்கு, வேளைக்குக் கிடைக்கும் சோறு எப்படித் தெரிந்திருக்கும்? விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பேர் கூப்பிடக் கேட்டு, மரம் சீவப் போனவளுக்கு அதிகாலை அணிவகுப்பு எவ்வளவு புதியதாக இருந்திருக்கும்? ஒருத்திக்கு ஒழுங்கின் கடுமையாகப் பட்டது இன்னொருத்திக்கு அன்றாடமாக இருந்திருக்கலாம். அவளுக்குப் புதியது வேறொன்றாக இருந்திருக்கும்: வரிசையில் நிற்கும்போது கையில் பால் வாளிக்குப் பதிலாகத் துப்பாக்கி இருந்தது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எச்சரிக்கையாகத் தாண்ட வேண்டும். 'தோட்டத்துப் பெண்கள் பசிக்காகத்தான் சேர்ந்தார்கள், தேசத்துக்காக அல்ல' என்று சொல்லிவிடுவது எளிது. பசி இருக்கிற இடத்தில் அரசியல் இருக்காது என்பது வயிறு நிறைந்தவர்களின் தர்க்கம். படித்த பெண்ணுக்கு இலட்சியம், கூலிப் பெண்ணுக்குச் சோறு என்று பிரித்துக் கொடுத்தால், நாமும் கங்காணியின் கணக்கைத்தான் எழுதுகிறோம்.

அந்தக் கணக்கைத் திருத்த போஸ் வருவதற்கு இரண்டாண்டுகள் முன்னே போக வேண்டும். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு படையை இறக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை இருந்தது. தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசே கூலியை நிர்ணயித்திருந்த நாடு அது. குறைந்த கூலி, துரை முதல் கிராணி வரை நீளும் கைகள், கள்ளுக்குப் போகும் ஆண்களின் சம்பளம் ஆகிய மூன்றையும் உடலால் அறிந்தவள் தோட்டத்துப் பெண். 'வெள்ளையன் வெளியேற வேண்டும்' என்று 1943இல் மேடையிலிருந்து சொல்லக் கேட்டபோது, அவளுக்கு அது டில்லியைப் பற்றிய செய்தியாக மட்டும் கேட்டிருக்காது. அவளுக்கு வெள்ளையன் என்பவன் பெயர் தெரிந்த ஆள். குன்றின் மேல் பங்களாவில் இருந்தவன். பார்க்காத இந்தியாவின் மீதான பற்றும் பார்த்த தோட்டத்தின் மீதான வெறுப்பும் ஒரே மனதில் இருக்க முடியும். அது அரைகுறைத் தேசப்பற்று ஆகாது. அதுவே அவளுடைய அரசியல்.

முகாம் அந்த அரசியலுக்கு இடம் கொடுத்ததா? ஓரளவு கொடுத்தது. சாதி, மதம் பாராமல் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ஆயுதப் பயிற்சி எல்லோருக்கும் இருந்தது. பெண்களுக்கு ஆயுதமும் ரவையும் தருவதை வீண் என்று கருதிய ஜப்பானிய அதிகாரிகளின் எதிர்ப்பை மீறித்தான் இவை கிடைத்தன. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதவிகள் படிப்பைப் பொறுத்துப் பிரிக்கப்பட்டன. படித்தவர்கள் அதிகாரிகளானார்கள், தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் சிப்பாய்களாகவே இருந்தார்கள். தோட்டத்தில் பள்ளிக்கூடம் சரியாக இல்லாததற்கு அவள் பொறுப்பல்ல. நல்ல கல்வி வேண்டும் என்பதும் 1941 கோரிக்கைகளில் ஒன்றுதான். அந்த இழப்பு சீருடையிலும் பட்டையாகத் தைக்கப்பட்டது. அதிகாரியாக இருந்தவர் பிறகு நினைவுகளை எழுதினார், சிப்பாயாக இருந்தவர் எழுதவில்லை. ஏட்டில் உள்ள ஏற்றத்தாழ்வு முகாமிலேயே தொடங்கிவிட்டது.

'அவர்கள் உண்மையில் போரிட்டார்களா?' என்று மாணவிகள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். பர்மாவுக்குப் போனார்கள், மேமியோவில் காத்திருந்தார்கள், காயம்பட்டவர்களைப் பராமரித்தார்கள். இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால், போரிடும் பிரிவாகக் களத்துக்கு அனுப்பப்படவில்லை. 1945இல் பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் ரயில் தாக்கப்பட்டபோது ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் உயிரிழந்தார்கள். களத்தில் வீரப்போர் புரிந்ததாகச் சொல்லும் புனைவுகளை ஹில்டப்ராண்ட் சான்றுகளோடு மறுக்கிறார். ஆயிரத்துக்கு மேல் என்று சொல்லப்பட்டுவந்த எண்ணிக்கையையும் பாதிக்கும் கீழே குறைக்கிறார். இது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அந்த ஏமாற்றமே ஆராயத்தக்கதாகத் தெரிகிறது. சுட்டால்தான் அவள் சேர்ந்தது செல்லுமா? லயத்தை விட்டு வெளியேறி, மற்றவர்கள் தனக்காக எடுத்த முடிவுகளுக்கு வெளியே ஒரு முடிவை எடுத்த நாளிலேயே அவள் ஒரு போரைத் தொடங்கிவிட்டாள். அதை அளக்கும் கோல் இராணுவ வரலாற்றில் இல்லை. பெண்களின் வரலாற்றில்தான் அதை நாம் செய்துகொள்ள வேண்டும்.

படை கலைந்த பிறகு பாதைகள் பிரிந்தன. லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். ஜானகி மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கத்தில் பங்கேற்று, பின்னர் மேலவை உறுப்பினரானார். ராசம்மா ஆசிரியைகளைச் சங்கமாகத் திரட்டிச் சம ஊதியத்துக்குப் போராடினார். மூவரின் பிற்கால வாழ்வும் படையில் சேர்ந்ததன் பொருளைத் தியாகத்தைவிடச் சரியாகச் சொல்கிறது: அவர்கள் அங்கே ஒன்றைப் பெற்றார்கள், பெற்றதை வைத்துக்கொண்டார்கள். பெயரில்லாத சிப்பாய்களில் பலருக்குத் திரும்பிச் செல்லத் தோட்டம்தான் இருந்தது. அங்கே அவர்கள் என்ன கொண்டுபோனார்கள்? 1946, 47இல் கெடாத் தோட்டங்களில் 'தொண்டர் படை' எழுந்து, அணிவகுத்துச் சென்று கள்ளுக்கடைகளை மறித்தது. அந்த நடையில் இந்திய தேசிய இராணுவத்தின் சாயலை வரலாற்றாசிரியர்கள் காண்கிறார்கள். துப்பாக்கி பிடித்துப் பழகிய பெண்களின் பங்கை அந்த மறியலில் தேடுவது இனி செய்யப்பட வேண்டிய வேலை.

எனவே இந்தக் கதைகளைப் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இளம்பெண் ஒருத்தி படையில் சேர்ந்தாள் என்று எங்கே படித்தாலும், அவள் கழற்றிக் கொடுத்த தோட்டைப் பார்த்து உருகுவதற்கு முன், விண்ணப்பத்தாளின் அடியில் பாருங்கள். கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள். அவளுடையதாக இருந்தால், அவள் எதிலிருந்து கிளம்பி வந்தாள் என்று கேளுங்கள். இன்னொருவருடையதாக இருந்தால், தியாகம் செய்தவர் யார் என்பதை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.