'பழமைவாதம்' என்னும் சொல்லாட்சியும் இராஜாஜியின் அரசியலும்

முன்னுரை

தமிழில் அரசியல் எழுதுவோர் பலர் 'பழமைவாதம்', 'பிற்போக்கு' ஆகிய இரண்டையும் ஒருபொருட் சொற்களாகவே ஆள்கின்றனர். இவ்வாட்சி கோட்பாட்டின் உட்பிரிவுகளை மறைப்பதோடு, அதன் மீதான திறனாய்வையும் வலுவிழக்கச் செய்கிறது என்பதை இராஜாஜியின் அரசியலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பழமைவாதத்தின் கிளைகள்

1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதிய எட்மண்ட் பர்க், அதற்கு முன்னர் அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பரிந்து பேசியவர்; வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டியவர். அவர் எதிர்த்தது மாற்றத்தை அன்று. மரபுவழி நிறுவனங்களை ஒரேயடியாகத் தகர்த்து, வெறும் பகுத்தறிவுக் கொள்கையால் சமூகத்தைப் புதிதாக வார்க்கும் முயற்சியையே. ஜோசப் த மேஸ்திர் முடியாட்சியையும் திருச்சபையின் மேலாண்மையையும் மீட்க விழைந்தார். மைக்கேல் ஓக்ஷாட்டுக்கோ பழமைவாதம் கொள்கையன்று. பழகியதைப் போற்றும் மனப்பாங்கு. பழமைவாதக் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் போற்றிய ஹாயெக், தாம் பழமைவாதி அல்லர் என 1960இலேயே எழுதினார்.

இராஜாஜியின் இரு நிலைப்பாடுகள்

சென்னை மாநில முதலமைச்சராக 1953இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் சிறார் பெற்றோரின் தொழிலைப் பயில வகைசெய்தது. திராவிட இயக்கத்தார் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்த்தனர். காமராசர் முதல்வரானபின் 1954இல் அது கைவிடப்பட்டது. 1959இல் அவர் முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சியோ தொழில் உரிமக் கட்டுப்பாடுகளையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் எதிர்த்தது. முன்னது மரபுவழித் தொழில் ஒழுங்கைப் பேணுவது. பின்னது அரசின் பொருளியல் தலையீட்டை மறுப்பது. 'பழமைவாதி' என்னும் ஒற்றை அடைமொழி இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

வேறுபாட்டை உணர்ந்த பின்னரே திறனாய்வு கூர்மை பெறும். மரபு, தலைமுறைகளின் அனுபவத்தால் சோதிக்கப்பட்டது என்பது பர்க் வழிவந்தோரின் வாதம். சாதிச் சமூகத்தில் பெற்றோரின் தொழில் பலருக்கு விரும்பி ஏற்றதன்று, சுமத்தப்பட்டது. இழிவை மட்டுமே மரபுரிமையாகப் பெற்றோர் எதைப் பேணுவது? 1953இன் திட்டம் இவ்வினாவின் முன் நிற்க இயலவில்லை. உரிமக் கட்டுப்பாட்டின் மீதான விமர்சனத்தையோ இதே வினாவால் தள்ளிவிட முடியாது. அதற்குப் பொருளியல் சான்றுகளே விடை தரவேண்டும்.

முடிவுரை

எனவே ஒருவரைப் பழமைவாதி எனச் சுட்டுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. எந்தக் கிளையைச் சார்ந்தவர், எதைப் பேணுகிறார், அதன் பயன் யாருக்கு, அதன் சுமை யார்மீது என்பனவே ஆய்வாளர் எழுப்பவேண்டிய வினாக்கள்.